வடகடலா, தென்கடலா? பாம்பன் கால்வாய்க் கரையில் படகேறும் முன்

ராமேசுவரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயில், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம் என்று ஒரே நாளில் சுற்றி முடித்துவிடுகிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் கடலைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று சொல்கிறார்கள். அவர்கள் பார்த்தது கடற்கரையை. இந்தத் தீவு கரையிலிருந்து பார்ப்பதற்கென்று அமைந்த ஊர் அன்று. 1914இல் ரயில் பாலம் திறக்கும்வரை இங்கே வந்த ஒவ்வொருவரும் படகில்தான் வந்தார்கள். சாலைப் பாலம் வந்தது 1988இல். ரயில் பாலத்துக்கு முன் நூற்றாண்டுக் கணக்கில், காசியிலிருந்து நடந்து வந்தவரும் ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் ஆட்களும் மண்டபத்துப் பக்கம் தோணி பிடித்து, இடையிலிருக்கும் அந்த இரண்டு கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்டித்தான் ராமநாதரைக் கும்பிட்டார்கள். மண்டபத்தில் இன்றும் ஒரு பகுதிக்குப் பெயர் தோணித்துறை.

அந்த இடைத் தண்ணீரில்தான் பாம்பன் கால்வாய் இருக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவே பாறைத் திட்டுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் அந்தப் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்துத் தூர்வாரி, சிறு கப்பல்கள் போகிற அளவுக்கு வழி உண்டாக்கினார்கள். இந்தக் கால்வாயையும் அதைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பையும் முதல் முறையாகப் படகில் பார்க்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காற்றைக் கேளுங்கள், பிறகு டிக்கெட்டை

விடுமுறை எப்போது என்று பார்த்துத் தேதி குறிப்பதுதான் எல்லோருடைய வழக்கம். இந்தக் கரையில் அந்தக் கணக்கு பலிக்காது. இங்கே கடல் ஒன்றல்ல, இரண்டு. உள்ளூரில் வடகடல், தென்கடல் என்பார்கள். அலை அதிகமில்லாத வடகடலைப் பெண் கடல் என்றும், இரைச்சலோடு அடிக்கும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்லும் வழக்கமும் உண்டு. ஆனால் பெண் கடல் ஆண்டு முழுவதும் சாதுவாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழுந்தால் அதன் முகமே வேறு.

கணக்கு இதுதான். ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்றின் காலம். தென்மேற்கிலிருந்து அடிப்பதால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாகக் கிடக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை. அப்போது நிலைமை தலைகீழ்: வடகடல் புரளும், தென்கடலில் ஓரளவு போகலாம். ஆனால் மழையும் புயலும் இந்த மாதங்களில்தான் வரும் என்பதால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் முற்பாதி: இரண்டு கடலும் ஒருசேர இறங்கியிருக்கும் நாட்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் இந்த மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்றால் தென்கடல் தீவுகளை மட்டுமே நம்பி வராமல், வடகடல் பக்கம் ஒரு திட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளுக்குள்ளேயும் காற்றுக்கு ஒரு முறை இருக்கிறது. விடியலில் நீர் எண்ணெய் தடவியதுபோல இருக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஆகவே முதல் படகு எதுவோ அதில் போங்கள். படகுத்துறையில் நிற்பவரிடம் கேட்கிற கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். "போகலாமா?" என்று கேட்டால், சவாரி வேண்டியவர் போகலாம் என்றுதான் சொல்வார். "அண்ணே, காற்று எந்தப் பக்கம்? நீவாடு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் என்றால் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்போதே ஏறுங்கள் தம்பி, பத்து மணிக்கு மேல் எழும்பிவிடும்" என்றோ, "நாளைக்கு வாருங்கள்" என்றோ சொல்வார். நீவாடு என்பது நீரோட்டம். பாம்பன் கால்வாயில் அது பருவத்துக்குப் பருவம் திசை மாறும்: வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே, கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே.

இன்னொரு அடையாளம், பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. கூண்டு ஏறிவிட்டது என்ற செய்தியைக் காதில் கேட்டாலே படகுத் திட்டத்தை மடித்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். மீன்வளத்துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுப்பதை நிறுத்தியிருக்கும் நாளில், யாராவது சவாரிக்குக் கூப்பிட்டால் அந்த ஆளின் பேச்சை நம்பக் கூடாது. இந்தக் கரையில் காற்றுக்கு ரயிலே அடங்கும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைக் காற்று தாண்டினால் அதற்குச் சிக்னல் கிடைக்காது.

பாம்பன்: படகேறும் முன் கரையில் கொஞ்ச நேரம்

பலரும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். சாலைப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாலத்தில் வண்டி நிறுத்தக் கூடாது. போலீசார் விரட்டுவதும் இவர்கள் திரும்ப வந்து நிறுத்துவதும் தினசரி நடக்கிறது. அதைவிட, தீவுப் பக்கம் இறங்கிப் பாம்பன் ஊருக்குள் போய், பாலத்தின் அடியில் இருக்கும் கரைக்கு வாருங்கள். நாட்டுப்படகுகள் இழுத்துப் போட்டிருக்கும், வலை உலர்ந்துகொண்டிருக்கும். அங்கிருந்து பார்த்தால்தான் பாலத்தின் உண்மையான உயரமும் கால்வாய் நீரின் வேகமும் தெரியும்.

தூண்களைக் கவனியுங்கள். நீர் ஏறி இறங்கும் அளவுக்கு ஒரு கோடு விழுந்திருக்கும். அதற்குக் கீழே சிப்பியும் கொட்டலசும் அப்பி, கல்லின் முகமே தெரியாது. ஒரு பக்கம் நீர் முட்டி உயர்ந்து, மறுபக்கம் சுழித்துக்கொண்டு இறங்கும். எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று பார்த்தாலே அன்றைய நீவாடு எந்தத் திசை என்று நீங்களே சொல்லிவிடலாம். மிதந்து வரும் ஒரு தேங்காய் மட்டை தூணைத் தாண்டும் வேகத்தைப் பார்த்த பிறகு, இந்தத் தண்ணீரில் நீந்திப் பார்க்கும் ஆசை யாருக்கும் வராது.

பழைய ரயில் பாலத்தின் வேலை 1911இல் தொடங்கியது, 1914 பிப்ரவரி 24 அன்று திறப்பு. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளம். நடுவில் இரண்டு கைகளாக மேலே மடிந்து திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி. ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் ஆட்கள் நின்று நெம்புகோலைத் தள்ளிச் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் விழுங்கியது. பாலமும் பெரிதும் சேதமானது. இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் அதைச் சீராக்கினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மடியாமல், மின்மோட்டாரால் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. பழைய பாலத்தை அகற்றுவது என்று முடிவாகிவிட்டது. நீங்கள் போகும்போது எவ்வளவு மிச்சமிருக்கிறதோ, அதை நிதானமாகப் பார்த்துவிடுங்கள்.

பாலம் தூக்குவதைப் பார்க்க வேண்டும் என்பது வருகிற எல்லோருக்கும் உள்ள ஆசை. அதற்கு நேர அட்டவணை கிடையாது. வடக்கிலோ தெற்கிலோ இழுவைக் கப்பல், மிதவை, கடலோரக் காவல்படைக் கப்பல், விசைப்படகு என்று சேர்ந்து நங்கூரமிட்டுக் காத்திருக்கும். துறைமுக அலுவலகமும் ரயில்வேயும் பேசி, ரயில் இல்லாத நேரம் பார்த்துத் திறப்பார்கள். ஒரு கப்பல் நிற்கிறதா என்று பாம்பன் கரையில் டீக்கடையில் விசாரித்தாலே போதும், எப்போது திறக்கும் என்பதை உத்தேசமாகச் சொல்லிவிடுவார்கள். செய்தித்தாளிலும் அவ்வப்போது வரும். கப்பல் நின்றால் அந்த நாளின் மற்றத் திட்டங்களைத் தள்ளிவைப்பதில் தவறே இல்லை. முதலில் கப்பல்கள் போகும், பின்னாலேயே மீன்பிடிப் படகுகள் திறந்த வழியில் முண்டியடித்துக்கொண்டு வரும். கப்பலைவிட அந்தக் கூட்டம்தான் பார்க்க வேண்டியது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால்வாய்க்குள் நினைத்தபோது சுற்றுலாப் படகு நுழைய முடியாது. அது கப்பல் வழி. "பாலத்துக்கு அடியிலேயே கூட்டிப்போகிறேன்" என்று யாராவது சொன்னால், அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

குந்துகால்: தென்கடல் தீவுகள்

பாம்பனிலிருந்து தெற்கே சற்றுத் தூரத்தில் குந்துகால். சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கொழும்பு வழியாக வந்து இந்தியக் கரையில் கால் வைத்த இடம் இதுதான். பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். அந்த நினைவாக ஒரு மண்டபம் இருக்கிறது. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே போய்விட்டு வந்துவிடலாம்.

இங்கிருந்துதான் வனத்துறை குருசடைத் தீவுப் பக்கம் படகு விடுகிறது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள். பூங்காவாக அறிவித்தது 1986இல். மண்டபம் தொகுதியில் ஏழு: முயல், மனோலி, மனோலிப்புட்டி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை, சிங்கில். இவற்றில் யாரும் இஷ்டத்துக்குக் கால் வைக்க முடியாது. தனியார் படகுக்காரர் "பத்து நிமிடம் இறங்கிவிட்டு வந்துவிடலாம்" என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். அபராதமும் வழக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் வரும். வனத்துறைப் படகில், அவர்கள் ஆளோடு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் என்பதுதான் விதி.

நடைமுறை இப்படி: முந்தின நாளே தொலைபேசியிலோ நேரிலோ படகு ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். காற்று எழும்பினால் அறிவிப்பில்லாமலே நிறுத்திவிடுவார்கள். காலையில் கவுன்டர் திறக்கும்போதே போய்விடுங்கள். அடையாள அட்டை கேட்பார்கள், ஆதார் அசல் கையில் இருக்கட்டும். குறைந்தபட்ச ஆள் சேர்ந்தால்தான் படகு கிளம்பும் என்பதால், குடும்பத்தோடு நாலைந்து பேராக வருகிறவர்கள் வேறொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளத் தயாராக இருங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறது. பலகையில் எழுதியிருப்பதைத் தவிர வேறு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

படகு கரையை விட்டதும் முதலில் தண்ணீரின் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். மணல் தரை இருக்கும் இடம் வெளிறிய பச்சை. கடற்புல் வளர்ந்த இடம் கரும்பச்சை. பவளப்பாறைத் திட்டு பழுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். ஆழம் கூடினால் நீலம். படகோட்டி சுக்கானைத் திருப்புவது இந்த நிறத்தைப் பார்த்துத்தான். எங்கே பாறை தட்டும், எங்கே தண்ணீர் போதும் என்பதெல்லாம் அவர் கண்ணில் இருக்கிறது. அந்தக் கடற்புல்லைத் தின்றுதான் கடல்பசு வாழ்கிறது. இங்கே ஆவுளியா என்பார்கள். படகில் போகிறவர் கண்ணில் அது படுவது அரிது. அதைக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

தெளிந்த நாளில், அலை இறங்கிய நேரத்தில், பவளப்பாறைக்கு மேல் என்ஜினை அணைத்துவிட்டு மிதக்கவிட்டால் கீழே கிளிமீன்கள் பாறையைக் கொறிப்பது தெரியும். தென்கடல் பக்கம் வனத்துறை கண்ணாடி அடித்தளப் படகுகளையும் விட்டிருக்கிறது. கலங்கிய நாளில் அதில் ஏறினால் கண்ணாடிக்குக் கீழே மோர் நிறத்தில் தண்ணீர் மட்டும்தான் தெரியும். அன்று காசு கொடுக்காதீர்கள்.

சங்கு, சோழி, பவளத் துண்டு எதையும் கையில் எடுக்க வேண்டாம். கடல் அட்டையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2001 முதல் தடை. குழந்தைகள் ஆசையாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். படகு ஏறும் முன்பே சொல்லி வையுங்கள்.

வடகடல் பக்கம்: காரங்காடு

கச்சான் காலத்தில் வந்து, தென்கடல் மூடிக் கிடக்கிறதென்று முகம் வாடுகிறவர்களுக்கு என் யோசனை காரங்காடு. ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டி, தொண்டிக்குப் போகும் வழியில் இருக்கிறது. கோட்டக்கரை ஆறு கடலில் கலக்கும் இடம். இரு பக்கமும் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். துடுப்புப் படகும் உண்டு. நீர் ஆழமில்லை, அலை இல்லை, கடலைக் கண்டு பயப்படுகிற பெரியவர்களைக்கூடக் கூட்டிப்போகலாம். என்னைக் கேட்டால், முதன்முதலில் படகேறுகிறவருக்குக் குருசடையைவிட இதுவே மேல்.

நீரோடை குறுகிய இடத்தில் படகோட்டி என்ஜினை அணைத்துவிட்டுக் கழியால் ஊன்றுவார். அப்போது சத்தமில்லாமல் உட்காருங்கள். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள் விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கும். வேர் நுனிகளுக்கு நடுவே சிறு நண்டுகள் ஒற்றைப் பெருங்கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும். படகின் நிழல் விழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வளைக்குள் போய்விடும். நிழல் நகர்ந்தால் ஒன்று எட்டிப் பார்க்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் உப்புப் பூத்திருக்கும். அலையாத்தி உறிஞ்சிய உப்பை இலை வழியாகத்தான் வெளியேற்றுகிறது. நாரையும் கொக்கும் கிளைகளில் இருக்கும். செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்றுகூடத் தென்படாது.

இங்கே ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். நீர் வற்றிய நேரத்தில் ஓடையில் படகு தரை தட்டும். ஏற்றம் எப்போது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெண்கள் மீன் சாப்பாடும் நண்டு சூப்பும் செய்து தருகிறார்கள். படகேறும் முன் சொல்லிவிட்டால் திரும்பும்போது சூடாக இருக்கும்.

கையில் என்ன, வயிற்றில் என்ன

வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, புரோட்டா தின்றுவிட்டும் போகக் கூடாது. இரண்டு இட்லி போதும். குமட்டல் வரும் என்று பயமிருந்தால் படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள். முன்பக்கமான அணியம் படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் அலையில் அதிகம் எகிறுவதும் அதுதான். கண்ணைத் தொடுவானத்தில் வையுங்கள், கைப்பேசியில் வேண்டாம்.

உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் உண்டா, குழந்தைக்குக் குழந்தை அளவில் உண்டா என்று ஏறும் முன் பாருங்கள். பெரியவர் அங்கியைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது கழுத்து வழியாக நழுவிவிடும். சின்ன அளவு இல்லையென்றால் அந்தப் படகு வேண்டாம். இதில் சங்கடப்படவோ, மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்று பார்க்கவோ அவசியமில்லை.

பருத்தித் துணி, கயிறு கட்டிய தொப்பி, துண்டு, தண்ணீர் பாட்டில். சேலையில் வருகிறவர்கள் பின் குத்தி இறுக்கிக்கொள்வது நல்லது. படகுக்கும் துறைக்கும் இடையே காலை எடுத்து வைக்கும் அந்த ஒரு நொடியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். படகோட்டி கை நீட்டினால் கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். உப்புத் தெறிப்பு கைப்பேசிக்கு ஆகாது, உறை போட்டு வையுங்கள். படகில் கழிப்பறை கிடையாது. ட்ரோன் கொண்டுவர நினைப்பவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் விசாரணையில்தான் முடியும்.

தனுஷ்கோடியும் கச்சத்தீவும்

இந்த இரண்டுக்கும் படகு உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிப் போனவர்களில் அப்துல் கலாமின் தந்தையும் ஒருவர். இன்று அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, பஸ்ஸில் போகலாம். அங்கே இரண்டு கடலும் சேரும் இடத்தில் குளிக்க இறங்க வேண்டாம். குளிர் மாதங்களில் போனால் வழியில் தேங்கிய நீரில் பூநாரைகளைப் பார்க்கலாம். கச்சத்தீவு இலங்கை வசம் இருக்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு ஆண்டுக்கொரு முறை, முன்பதிவு செய்தவர்களை மட்டும் ராமேசுவரத்திலிருந்து படகில் அழைத்துப் போகிறார்கள். மற்ற நாளில் அந்தப் பக்கம் போகலாம் என்று சொல்லும் எவரோடும் படகேறாதீர்கள். எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்பதை இங்குள்ள எந்த மீனவக் குடும்பமும் சொல்லும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாட்களில் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்பதையும், கரையில் ஏற்றி மரம் மாற்றி வண்ணம் அடிப்பதையும் பார்க்கலாம். நாட்டுப்படகுகள் போவதால் மீன் அடியோடு இல்லாமல் போகாது, விலைதான் ஏறியிருக்கும்.

ஊருக்குத் திரும்பும்போது பாம்பனிலோ மண்டபத்திலோ கருவாடு வாங்குகிறவர்கள், நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். விரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. செய்தித்தாளில் சுற்றி, மேலே துணி போட்டு இறுக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள். ஏசி பெட்டியில் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அதற்கேற்ற மாதிரி கட்டித் தருவார்.